சுபேதார் லேமினேட் செய்த எட்டு வரி

முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் சரியாகச் செய்தவற்றை என் பிரிவு உபசார விழாவில் ஆறு பேர் மேடையேறிச் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி பொய், மீதி மிகை. மிச்சமிருப்பவை என் தவறுகள். அவற்றைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. தமிழாசிரியர்களாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். பாடக்குறிப்பு எழுதுவது, பதிவேடு நிரப்புவது எல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். கற்றுக்கொள்ளாவிட்டாலும் சம்பளம் வந்துவிடும்.

உங்கள் பாடநூலில் ஏக்கப் பாட்டு ஒன்று இருக்கும். பாடத்திட்டத்தை எத்தனை முறை மாற்றினாலும், அட்டையின் நிறம் மாறும், பயிற்சி வினாக்கள் மாறும், காத்திருக்கும் பெண் மட்டும் மாற மாட்டாள். அவள் காத்திருப்பாள், நாம் பொருள் சொல்லிக்கொண்டிருப்போம். அதுதான் நம் பிழைப்பு.

நான் சொல்லும் பாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதை அப்படியே வைத்துவிட்டு உரைநூலைத் தேடி ஓடுவீர்கள். பத்து வரிப் பாட்டு. பனை மட்டையில் ஆண் குருவி ஒன்று கூடு கட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுத் தொலைதூர வயலுக்குப் பறந்துவிடுகிறது. பெண் குருவி அந்தப் பாதிக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. காற்று ஆட்டுகிறது, ஆனால் அது விழவில்லை. தோழி, நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்கிறாள் ஒருத்தி. இது எட்டு வரி. கடைசி இரண்டு வரியில், மழைக்கு முன்னால் வந்து மீதியைக் கட்டச் சொல், அவர் இல்லாவிட்டால் இது கூடே இல்லை என்று சொல்லி அனுப்புகிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த மூத்த தமிழய்யா இதற்கு ஒரு பொருள் வைத்திருந்தார். கூடு உடல், பெண் குருவி ஜீவாத்மா, காற்று வினை, பனை இந்த உலகம், பறந்துபோன ஆண் குருவி பரமாத்மா. பரமாத்மா ஏன் வேலையைப் பாதியில் விட்டுப்போனார் என்று நான் கேட்டால் அது லீலை என்பார். எங்கள் ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு பெண் ஒரு ஆளுக்காக ஏங்கினாள் என்று சொல்வது அவருக்கு ஊருக்குச் செய்யும் மரியாதைக் குறைவாகப் பட்டது. தேரடியில் ஒருத்தி மடவார் வளாகம் போக ஆட்டோவுக்குக் காத்து நின்றால்கூட அவர் அதில் ஆத்ம தாகத்தைக் கண்டுபிடிப்பார்.

நான் அந்தக் கட்சி இல்லை. நான் தலைவி கட்சி. பிரிந்தான், மெலிந்தாள், வளை கழன்றது, தோழியிடம் சொன்னாள், முடிந்தது கதை. இருபது ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் நாங்கள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். சண்டை போடுவதாலேயே இருவரில் ஒருவர் கட்டாயம் சரியாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு சனிக்கிழமை. சிறப்பு வகுப்புக்காகப் பள்ளி திறந்திருந்தது. அடுத்த மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நானும் தமிழய்யாவும் இருந்த ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். முதுகு நேராக, மீசை அளவாக, கையில் பிளாஸ்டிக் ஃபைல். பார்த்தவுடனே பட்டாளத்து ஆள் என்று தெரிந்தது. மம்சாபுரத்துக்காரர், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது.

"டீச்சர், நான் மரகதம் வீட்டுக்காரன்" என்றார்.

மரகதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். புருஷன் எல்லையில் இருந்த காலத்தில் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தவள். வார இறுதி வகுப்புகளில் நான்தான் பாடம் எடுத்தேன். இந்தப் பாட்டையும் நான்தான் நடத்தினேன். பட்டம் வாங்கிய பிறகு வீட்டிலேயே டியூஷன் நடத்தினாள். மம்சாபுரத்தில் பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளைகளில் பாதி அவள் வீட்டுத் திண்ணையைத் தேய்த்தவர்கள்தான்.

சுபேதார் உட்காரவில்லை. நின்றபடியே ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கோடு போட்ட தாள், மரகதத்தின் குண்டு எழுத்து. அதை லேமினேட் செய்திருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி லேமினேட்?" என்றேன்.

"முக்கியமான பேப்பருல்ல டீச்சர். நனைஞ்சுறக் கூடாதுல்ல."

வியாழக்கிழமை அவர் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டில் அவள் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் இந்தத் தாள் ஒட்டியிருந்தது. ராஜபாளையத்தில் ஒரு மில்லின் பெண்கள் விடுதிக்கு வார்டனாகப் போயிருக்கிறாள் என்பதை அவள் தங்கச்சி மூலம் தெரிந்துகொண்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அங்கே கையெழுத்துப் போடுகிறாள். போட்டுவிட்டால் ஓர் ஆண்டு அங்கேயே தங்கி வேலை பார்த்தாக வேண்டும்.

"போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. இத மட்டும் எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்? அவ வருவாளா மாட்டாளா? திங்கக்கெழமைக்குள்ள எனக்குத் தெரியணும்."

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவரின் முகம் அது. எனக்கு அவர்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தைவிடப் பெருமைதான் சற்று அதிகமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாக மதிப்பெண்ணுக்காக மட்டுமே பொருள் சொல்லிவந்த எங்களிடம், முதன்முறையாக ஒரு மனிதர் வாழ்க்கைக்காகப் பொருள் கேட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கல டீச்சர். வீடு ஒரு ஒழுங்கு இல்லாமக் கெடந்துச்சு, நான் வந்து செட் பண்ணேன். அடுப்ப எதிர்ச் செவத்துக்கு மாத்துனேன். வாசல்ல முருங்கை, ஒரே கம்பளிப்பூச்சி, வெட்டுனேன். டியூஷன் பிள்ளைக எம்புட்டுச் சத்தம் தெரியுமா? பென்ஷன் வருது, இனி எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தணும், நிப்பாட்டுன்னு சொன்னேன். அவளுக்கு ரெஸ்ட் குடுத்தேன் டீச்சர்."

இதை நாங்கள் இருவரும் காதால் கேட்டோம். கேட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனோம். அவர் சொன்னது உரைநூலில் இல்லையே, அதை எதற்குக் கவனிக்க வேண்டும்?

தமிழய்யா தாளை வாங்கினார். முதல் வரியைப் பார்த்தார். உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தெரிந்த பாட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பது அவருக்கு இழுக்கு. கண்ணை மூடி, கையை உயர்த்தி, ராகத்தோடு பத்து வரியும் சொன்னார். கடைசி இரண்டு வரிக்கு நானும் சேர்ந்துகொண்டேன். அந்த இரண்டு வரியில் எனக்கு எப்போதும் குரல் தழுதழுக்கும். அன்றும் தழுதழுத்தது.

சுபேதார் தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். "டீச்சர், செத்த இருங்க. இதுல எட்டு..." என்றார்.

நான் சொன்ன பதிலை நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளலாம். இனி யாரிடமும் சொல்லக்கூடாத வாக்கியம் என்று தலைப்புப் போட்டுக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, பாட்டை எண்ணக் கூடாது, உணரணும்" என்றேன்.

அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு பொருள் சொன்னோம். வாழ்க்கையில் முதன்முறையாக நானும் தமிழய்யாவும் ஒத்துப்போனோம். அவர் கணக்கில் ஜீவாத்மா தவிக்கிறது. என் கணக்கில் தலைவி மெலிகிறாள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் மரகதம் இவரை நினைத்து ஏங்குகிறாள், வா வா என்று கூப்பிடுகிறாள். "போய்க் கூட்டிட்டு வந்துருங்க தம்பி" என்றார் தமிழய்யா. பால்கோவா வாங்கிக்கொண்டு போகச் சொன்னது அவர். மல்லிகை நான். கடைசி இரண்டு வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், உருகிவிடுவாள் என்றும் நான்தான் சொன்னேன். அங்கேயே நிற்கவைத்து நான்கு முறை சொல்லவைத்தேன். மணி அடித்தது. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த நிறைவோடு வகுப்புக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிறு காலை என் வீட்டு கேட்டில் சுபேதார் நின்றார். கையில் பால்கோவா பொட்டலம், கட்டிய நூல்கூட அவிழவில்லை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நடந்ததை ரிப்போர்ட் கொடுப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். முந்தைய நாள் சாயங்காலம் விடுதி முற்றத்தில் மில் பிள்ளைகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்களாம். இவர் போய் அட்டென்ஷனில் நின்று, அந்த இரண்டு வரியை ஒப்பித்திருக்கிறார். பிறகு, "நீ கூப்பிட்டுட்ட, நான் வந்துட்டேன், சாமானை எடு" என்றிருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மரகதம் சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டு வரிய நான் எழுதலையே, யாரு எழுதுனான்னு கேட்டா. டீச்சர்மாரு சொன்னாகன்னு சொன்னேன். நான் ஏங்குதேன்னும் அவியதான் சொன்னாகளான்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப இத அவியளுக்கே குடுத்துருங்கன்னு பால்கோவாவத் திருப்பிக் குடுத்துட்டா."

பொட்டலத்தை என் கையில் வைத்தார். ஃபைலைத் திறந்து தாளைக் காட்டினார். அப்போதுதான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். முந்தைய நாள் பார்க்கவே இல்லை. தாளில் எட்டு வரிதான் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி எழுதும் அளவுக்குக் கோடுகள் சும்மா விட்டிருந்தன. அதற்கும் கீழே "மரகதம்" என்று கையெழுத்து.

"நேத்தே எண்ணுனேன் டீச்சர். படிச்சவக நீங்க, பத்துன்னு சொல்றீக. எனக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு ஆண்டு வேலையில் அவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

எங்களுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்ததுதான் வினை. தெரியாத ஒருவர் தாளை வாசித்திருப்பார். நாங்கள் நினைவை வாசித்தோம். இந்தத் தவறை மளிகைக் கடைக்காரர் செய்ய மாட்டார், அவர் சிட்டையில் உள்ளதைத்தான் கட்டிக் கொடுப்பார். இதற்கென்று முப்பது ஆண்டு தமிழ் கற்பித்திருக்க வேண்டும்.

அன்றே ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மரகதத்திடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டு போனேன். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருத்தி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் யாரிடமோ, "நான் கோவமா இல்ல, சும்மா இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குக்கூட என் மனம் பொருள் தேடியது. பழக்கம் லேசில் போவதில்லை.

மரகதம் இடுப்பில் சாவிக்கொத்தோடு விடுதி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை, சுருங்கவும் இல்லை. "வாங்க டீச்சர், பால்கோவா நல்லாருந்துச்சா?" என்றாள்.

"பிரிக்கலம்மா."

"பிரிச்சுச் சாப்பிடுங்க. நல்ல கடையிலதான் வாங்கியிருந்தாக."

மன்னிப்புக் கேட்டேன். கட்டிவைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "பாக்காம சொல்லிட்டேன் மரகதம்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

"இருபத்தெட்டு வருசம் அவிய பட்டாளத்துல டீச்சர். அந்தப் பாட்ட நீங்க நடத்துன அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன். எட்டு வரி வரைக்கும் எனக்கு எழுதுன மாதிரியே இருந்துச்சு. கடைசி ரெண்டுதான் ஒட்டல. அவர் இல்லாட்டா கூடே இல்லைன்னு சொல்றாளே, அப்ப அவ இம்புட்டு நாளும் எதுல உக்காந்திருந்தா? மீதிய அவதான கட்டியிருக்கணும்? எங்க வீட்டுல மீதிய நான்தான் கட்டுனேன். அடுப்பு, முருங்கை, டியூஷன் எல்லாம் அந்த மீதிதான். அவிய வந்தாக, அம்புட்டையும் பிரிச்சுட்டு, இப்பதான் வீடு வீடா இருக்குன்னாக."

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப கீழ ரெண்டு வரி இடம் விட்டது?"

மரகதம் என்னைப் பார்த்த பார்வையில், என்னிடம் படித்ததற்காக அவள் வருத்தப்படுவது தெரிந்தது.

"டீச்சர், இப்ப வீட்ட விட்டுப் போனது யாரு? வீட்டுல ஒத்தையில உக்காந்திருக்கது யாரு?"

எனக்கு உறைத்தது. பாட்டில் பேசுவது காத்திருப்பவர். இப்போது காத்திருப்பவர் மீசை வைத்த ஆள். அதனால் அந்த இரண்டு வரி அவருக்குரியது, அவர் எழுத வேண்டியது. எழுதட்டும் என்றுதான் இடம் விட்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு மேதாவிகள் கண்ணை மூடிக்கொண்டு அதை நிரப்பிக் கொடுத்துவிட்டோம். காத்திருப்பது என்றால் பெண்தான் என்று எங்கள் இருவர் மண்டையிலும் அச்சடித்திருந்தது. அவருடைய ஜீவாத்மாவுக்கும் சேலைதான், என் தலைவிக்கும் சேலைதான்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடுவியா?"

"வேலைக்கு ஆள் இல்லாம இந்தப் பிள்ளைக தவிச்சுப் போச்சுக. வாரேன்னு சொல்லிட்டேன், போடுவேன். பொறவு உள்ளத அவிய எழுதட்டும், பாப்போம்."

சாயங்காலம் மம்சாபுரம் போனேன். வாசலில் முருங்கையின் அடிமரம் இருந்தது. சுபேதாரிடம் நடந்ததைச் சொன்னேன். பொருள் சொல்லவில்லை, அவள் சொன்னதை அவள் சொன்னபடி சொன்னேன். முப்பத்தோரு ஆண்டில் நான் நடத்திய சிறந்த பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அவளுக்கு ரெஸ்ட் குடுத்தேன்னு நெனச்சேன் டீச்சர்" என்றார். கண் கலங்கியது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தமிழய்யா போனில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் குற்ற உணர்ச்சியில், இரண்டு வரி என்ன, ஒரு வெண்பாவே கட்டித் தருகிறேன், தம்பி கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிடட்டும் என்றார். ஸ்பீக்கரில் இருந்தது. சுபேதார் என் கையிலிருந்து போனை வாங்கி, "ஐயா, வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தாளை எடுத்தார். பேனாவை வைத்தார், பிளாஸ்டிக்கில் வழுக்கியது. அவர்தான் லேமினேட் செய்துவிட்டாரே. வேறு தாளில் எழுதலாமே என்றேன். "அவ இடம் விட்டது இதுலதான டீச்சர்" என்றார். உள்ளே போய், பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் நம்பர் எழுதும் அழியாத மார்க்கரை எடுத்துவந்தார். வீட்டுக்கு வெளியே வாசற்படியில் போய் உட்கார்ந்தார். நான் உள்ளே இருந்தேன். முதுகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆனது. காலாட்படையில் எத்தனை மலை ஏறியிருப்பாரோ, இந்த இரண்டு வரிக்குச் சட்டை நனைந்திருந்தது.

திரும்பி வந்ததும் நான் கையை நீட்டினேன். பிழை இருந்தால் பார்த்துச் சொல்லலாம் என்றுதான். அவர் தாளை ஃபைலில் வைத்துப் பட்டனை அழுத்தினார்.

"இது உங்களுக்கு இல்ல டீச்சர்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே அவர் விடுதியில் இருந்திருக்கிறார். தாளைக் கொடுத்துவிட்டு, சாமானை எடு என்று சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். மரகதம் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். ஓராண்டு முழுக்க வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் சுபேதார் ராஜபாளையம் போய்வந்தார். ஆரம்பத்தில் விடுதி வாசலோடு சரி. போகப்போக முற்றம் வரை என்று மில் பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அடுத்த ஜூனில் அவள் வீடு திரும்பியபோது அடுப்பு பழைய இடத்தில் இருந்ததாம். முருங்கை ஆளுயரம் தழைத்திருந்தது, கம்பளிப்பூச்சியோடு. வாசலில் "மரகதம் டியூஷன்" என்ற பலகை, டிரங்குப் பெட்டியில் எழுதும் அதே எழுத்தில்.

அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஒருநாள் தேரடியில் மரகதத்தைப் பார்த்தேன். எவ்வளவோ அடக்கியும் வாய் கேட்டுவிட்டது. "அந்த ரெண்டு வரி என்னம்மா எழுதியிருந்தாரு?"

அவள் சிரித்தாள். "சொல்ல மாட்டேன் டீச்சர். சொன்னா உரை எழுதிருவீக."

அந்த இரண்டு வரி இன்றுவரை எனக்குத் தெரியாது.